சில காலைகளில் மட்டும் காணாமல் போகும் வைஃபை கார்டு: மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

நீங்கள் கேட்டதை முதலில் என் வாக்கில் சொல்லிவிடுகிறேன். தேவகோட்டை வீட்டில் உங்கள் அப்பத்தாள், சிங்கப்பூரில் இருக்கும் மகனோடு முகம் பார்த்துப் பேசுவதற்காக ஒரு மடிக்கணினி வைத்திருக்கிறீர்கள். அதில் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் இருக்கிறது. கூடவே விண்டோஸ் 10-உம் இருக்கிறது. உங்கள் தம்பி இரவில் அதில் விளையாடுகிறான். சில காலைகளில் கணினியைத் திறந்தால் வைஃபை அடாப்டரே இல்லை என்று வருகிறது. இரண்டு மூன்று தடவை ரீஸ்டார்ட் செய்தால் ஒன்றும் நடக்காததுபோல் வந்துவிடுகிறது. கடையில் காட்டினீர்கள், கார்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மாற்றலாமா என்பது உங்கள் கேள்வி. ஆனால் உண்மையில் நீங்கள் கேட்பது வேறு என்று எனக்குப் படுகிறது. நீங்கள் சென்னையில் வேலையில் இருக்கும் நேரத்தில், அப்பத்தாள் தனியாகப் பொத்தானை அழுத்தினால் முதல் தடவையிலேயே வைஃபை வர வேண்டும். புது கார்டு போட்டால் அது நடக்குமா என்பதுதான் தெரிய வேண்டியது. நடக்கலாம்; ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால், பணம் செலவான பிறகும் அதே செய்தி அதே காலையில் வந்து நிற்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

காரைக்குடியில் ஒரு கல்லூரிக் கணினிக்கூடத்தைப் பல ஆண்டுகள் கவனித்துக்கொண்டவன் நான். இப்போதும் சுற்று வட்டாரத்திலிருந்து லினக்ஸ் போட்ட மடிக்கணினிகள் என்னிடம் வந்துகொண்டிருக்கின்றன. திறந்து பார்ப்பது, பதிவுகளைப் படிப்பது, காரணத்தை ஒன்றொன்றாகக் கழிப்பது, இவ்வளவுதான் என் தொழில். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்கு நிரல் எழுதுகிறவன் அல்ல. உங்கள் கார்டு எந்த நிறுவனத்துடையது என்றும் நீங்கள் எழுதவில்லை. ஆகவே உறுதியாகச் சொல்லக்கூடியதை உறுதியாகவும், ஊகத்தை ஊகம் என்றும் பிரித்தே எழுதுகிறேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கட்டளை அடிக்கும் சாளரமான டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடித்துக்கொள்ளுங்கள். எழுத்துகளுக்கு நடுவே வரும் கோடுகள் வாசிப்பதற்காக மட்டும்; தொடக்கத்தில் வரும் கோட்டை மட்டும் சேர்த்து அடியுங்கள்.

உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். முழுதாகச் செத்துப்போன கார்டு ரீஸ்டார்ட் செய்வதால் உயிர் பெறாது. உங்களுடையது வந்தபின் நாள் முழுக்க ஒழுங்காக வேலை செய்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே 'போய்விட்டது' என்பது சரியான முடிவு அல்ல. கார்டு தளர்ந்திருக்கலாம், மெல்லப் பழுதாகிக்கொண்டும் இருக்கலாம். அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் வருவதும் போவதுமாக இருக்கும் கோளாறில் நான் முதலில் சந்தேகிப்பது கார்டை அல்ல. அது எழுப்பப்படும் விதத்தையும், முந்தைய இரவு அது எந்த நிலையில் விடப்பட்டது என்பதையும்தான்.

பொத்தானை அழுத்தியதும் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மற்றவை எளிதாகப் புரியும். முதலில், மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸ் அந்தக் கார்டின் இடத்துக்கு மின்சாரம் கொடுத்து, அதை ரீசெட் நிலையிலிருந்து விடுவிக்கிறது. கார்டும் மதர்போர்டும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையில் தமக்குள் பேசி ஓர் இணைப்பை ஏற்படுத்திக்கொள்கின்றன. பிறகு கர்னல் அந்தப் பாதையில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணுகிறது. ஒவ்வொரு சாதனமும் தன் நிறுவன எண்ணையும் மாடல் எண்ணையும் சொல்லும். அந்த எண்ணுக்குப் பொருந்தும் டிரைவர், அதாவது அந்தச் சாதனத்தை இயக்கும் மென்பொருள், ஏற்றப்படுகிறது. டிரைவர் வட்டிலிருந்து ஃபர்ம்வேர் கோப்பை எடுத்துக் கார்டுக்குள் செலுத்துகிறது. கார்டில் இருக்கும் சிறு செயலி அதைக்கொண்டுதான் ஓடத் தொடங்கும். அதற்குப் பின்தான் டபிள்யூ-எல் என்று தொடங்கும் பெயரோடு ஓர் இடைமுகம் பிறக்கிறது. கடைசியில் நெட்வொர்க் மேனேஜர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டு ரூட்டரைத் தேடுகிறது. நம் செட்டிநாட்டுப் பக்கத்துப் பெரிய வீடுகளில் விருந்தாளி முகப்பு, பட்டாலை, முற்றம் உள்ள வளவு என்று ஒவ்வொரு நிலையாகக் கடந்து உள்ளே வருவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நிலைவாசலில் அவர் நின்றுபோனாலும், உள்ளே அடுக்களையில் இருப்பவருக்கு 'யாரும் வரவில்லை' என்பதுதான் தெரியும். உபுண்டுவின் அமைப்புத் திரை காட்டும் 'அடாப்டர் இல்லை' என்ற செய்தியும் அப்படிப்பட்டதுதான். அதை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது.

ஆகவே எந்த இடத்தில் நின்றது என்று கண்டுபிடிக்க வேண்டும். இங்கே பெரும்பாலானவர்கள் ஒன்றைக் கோட்டைவிடுகிறார்கள்: வைஃபை வராத காலையில் பதறி ரீஸ்டார்ட் செய்துவிட்டு, அது வந்தபிறகு இணையத்தில் தேடி, அங்கே சொன்ன கட்டளைகளை அடித்துப் பார்க்கிறார்கள். நல்ல நிலையில் இருக்கும் கணினி நல்ல விடையைத்தான் தரும். உங்களுக்கு வேண்டியது வராத காலையின் சாட்சியம். நல்லவேளையாக லினக்ஸ் அதைச் சேமித்து வைக்கிறது. 'ஜர்னல்-சி-டி-எல்' என்ற கட்டளையோடு, இடைவெளி விட்டு '-கே', மறுபடி இடைவெளி விட்டு '-பி', பிறகு '-1' என்று கொடுத்தால், இதற்கு முந்தைய தொடக்கத்தில் கர்னல் எழுதிய பதிவு வரும். மூன்று தடவை ரீஸ்டார்ட் ஆகியிருந்தால் -2, -3 என்று பின்னால் போய்ப் பார்க்கலாம். வராத தொடக்கத்தின் பதிவையும் வந்த தொடக்கத்தின் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் பாதிக் கதை வெளிவந்துவிடும். இதற்கு அப்பத்தாளைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. நீங்கள் அடுத்த தடவை ஊருக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம். பதிவு பெரும்பாலும் அதுவரை அழியாமல் இருக்கும்.

நேரில் இருக்கும்போது வைஃபை வராமல் போனால், ரீஸ்டார்ட் செய்யும் முன் ஒரே ஒரு கட்டளை: 'எல்-எஸ்-பி-சி-ஐ', இடைவெளி விட்டு '-என்-என்-கே'. பிசிஐ பாதையில் இருக்கும் எல்லாவற்றையும் அது பட்டியலிடும். அதில் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்ற வரி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஈதர்நெட் என்று தனியாக ஒன்று இருக்கும். அது கம்பி வழி இணைப்புக்கானது, அதை விட்டுவிடுங்கள். வரி இருந்தால் அதன் முடிவில் சதுர அடைப்புக்குள் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் 8086 என்றால் இன்டெல். 168சி குவால்காம் ஏதெரோஸ், 14சி3 மீடியாடெக், 10இசி ரியல்டெக், 14இ4 பிராட்காம். அதன் கீழே 'கர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இருந்தால் டிரைவர் கார்டைப் பிடித்துவிட்டது என்று பொருள். 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' வரியே இல்லையென்றால் கர்னலின் கண்ணுக்குக் கார்டு தெரியவே இல்லை. அந்த நிலையில் டிரைவரை மாற்றுவதும் ஃபர்ம்வேரை இறக்குவதும் வீண் வேலை. இந்த ஒரு கேள்வி எல்லாக் காரணங்களையும் இரண்டாகப் பிளந்துவிடும் என்பதால்தான் இதை முதலில் வைக்கிறேன்.

கூடவே ப்ளூடூத் வேலை செய்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். இன்றைய கார்டுகளில் பெரும்பாலானவை வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே பலகையில் இருப்பவை. ஆனால் வைஃபை பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகவும், ப்ளூடூத் யுஎஸ்பி வழியாகவும் மதர்போர்டோடு பேசும். வைஃபை காணாமல் போன காலையில் ப்ளூடூத் மட்டும் இருந்தால், கார்டு தன் இடத்தில் இருக்கிறது, அதற்கு மின்சாரமும் வருகிறது என்று தெரிந்துகொள்ளலாம். இரண்டும் சேர்ந்தே காணாமல் போனால் தளர்ச்சி, மின்சாரம், கார்டு ஆகியவற்றின் மேல் சந்தேகம் கூடுகிறது. இது முழு நிரூபணம் அல்ல. ஆனால் ஸ்குரூ டிரைவரை எடுப்பதற்கு முன் செலவில்லாமல் கிடைக்கும் நல்ல தடயம்.

இப்போது என் முதல் சந்தேகத்துக்கு வருகிறேன். தம்பி இரவில் விண்டோஸில் விளையாடுகிறான் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட வரி அதுதான். விண்டோஸ் 8 காலத்திலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. தன் கர்னலின் நிலையை வட்டில் எழுதிவைத்துவிட்டு உறங்கப் போகிறது. அடுத்த தடவை விரைவாக எழுவதற்காக. அந்த உறக்கத்தில் சாதனங்களும் விண்டோஸ் விட்ட நிலையிலேயே விடப்படுவதுண்டு. காலையில் அதே கணினியில் லினக்ஸ் எழுந்தால், வைஃபை கார்டு புதிதாகத் தொடங்கும் நிலையில் இல்லாமல் போகலாம். இன்டெல் கார்டுகளுக்கான லினக்ஸ் டிரைவரின் ஆவணத்திலேயே இந்தத் தொல்லையைக் குறிப்பிட்டு, அந்த வசதியை அணைத்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். இது உறுதி. இரண்டு மூன்று ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு கார்டு தானே வருவது ஏன் என்பதற்கு என் விளக்கம் ஊகம்தான்: ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் கார்டுக்கு ஒரு ரீசெட் கிடைக்கிறது, ஏதோ ஒன்றில் அது சரியாக எழுந்துவிடுகிறது.

இதைச் சோதிப்பது எளிது. ஒரு வாரம், சமையலறை நாட்காட்டியில் இரண்டே குறிப்புகள் போதும்: முந்தைய இரவு கடைசியாக ஓடியது விண்டோஸா உபுண்டுவா, காலையில் வைஃபை வந்ததா இல்லையா. விண்டோஸ் ஓடிய மறுநாள் மட்டும் தவறுகிறது என்று தெரிந்தால் பெரும்பாலும் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். இன்னொரு தடயமும் உண்டு. வைஃபை வராத காலையில், உபுண்டுவிலிருந்து விண்டோஸின் பார்ட்டிஷனை, அதாவது வட்டில் விண்டோஸுக்கு ஒதுக்கிய பகுதியை, திறந்து பாருங்கள். திறக்க மறுத்தாலோ, படிக்க மட்டும் விட்டாலோ, பெரும்பாலும் விண்டோஸ் முழுதாக அணையாமல் உறக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அணைப்பதற்கு விண்டோஸில் கன்ட்ரோல் பேனலுக்குள் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பக்கத்தைத் திறக்க வேண்டும். அங்கே, இப்போது மாற்ற முடியாத அமைப்புகளை மாற்று என்ற வரியைச் சொடுக்கிய பிறகுதான் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் பெட்டியின் குறியை எடுக்க விடும். பலர் அந்த வரியைப் பார்க்காமல் பெட்டி மங்கலாக இருக்கிறது என்று திரும்பிவிடுகிறார்கள். வைஃபைக்காக இல்லாவிட்டாலும் இதை அணைத்துவிடுங்கள். உறங்கும் விண்டோஸின் பார்ட்டிஷனில் லினக்ஸ் எதையாவது எழுதினால் கோப்புகள் கெடக்கூடும். விண்டோஸின் பெரிய அப்டேட் எதுவும் வந்தால், அமைப்பு அப்படியே இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வதும் நல்லது. அதுவரை தம்பியிடம் சொல்லிவையுங்கள்: விளையாடி முடித்ததும் ஷட் டவுன் கொடுக்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டால் விண்டோஸ் முழுதாக அணையும்.

கார்டு மீடியாடெக்கின் எம்டி7921 வகையாக இருந்தால் இன்னும் ஒன்று. இந்தக் கார்டில் சில சமயம் பதிவில் 'டிரைவர் ஓன் ஃபெயில்ட்' என்ற வரி வரும். கார்டு பட்டியலில் தெரியும், ஆனால் டிரைவரின் கைக்குள் வர மறுக்கும். ரீஸ்டார்ட் செய்தாலும் சில நேரம் அசையாது. இதற்குக் கைகண்ட வைத்தியம் மின்சாரத்தை முழுதாக வடிப்பதுதான். கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் எடுத்து, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மற்ற நிறுவனக் கார்டுகளிலும் முதல் சிகிச்சையாக இதைச் செய்து பார்க்கலாம். ஒரு நுணுக்கம்: நம் ஊரில் மின்சாரம் போனால் எல்லாமே வடிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். மடிக்கணினியின் பேட்டரி கார்டுக்குச் சொட்டுச் சொட்டாக மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கக்கூடும். அதனால்தான் இரவெல்லாம் அணைந்திருந்த கணினியில்கூடக் கார்டு பழைய நிலையிலேயே கிடக்க முடிகிறது.

விண்டோஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று நாட்காட்டி சொன்னால் பின்மூடியைத் திறக்க வேண்டியதுதான். பேட்டரி இணைப்பை முதலில் கழற்றிவிடுங்கள். கார்டு ஒரே ஒரு திருகில் நிற்கும். அதை எடுத்து, கார்டை வெளியே இழுத்து, தங்க முலாம் பூசிய முனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நார் உதிராத துணியால் துடைத்து, திரும்பப் பொருத்துங்கள். பென்சில் அழிப்பானால் தேய்ப்பது நம் கடைகளில் எல்லாரும் செய்கிற வேலை. சில நேரம் பலனும் தருகிறது. ஆனால் அந்த முலாம் மிக மெல்லியது. அழுத்தித் தேய்த்தால் அதுவே உரிந்து, உள்ளே இருக்கும் உலோகம் கறுக்கத் தொடங்கும். அரிப்பைப் பற்றி ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை நம் காரைக்குடியிலேயே வைத்துக்கொண்டு, நாமே முலாமைச் சுரண்டுவது நன்றாக இல்லை. கார்டின் மேல் மாட்டியிருக்கும் இரண்டு மெல்லிய கம்பிகள் ஆன்டெனாவுக்கானவை. அவை கழன்றிருந்தால் சிக்னல் குறையும். கார்டே காணாமல் போகாது. ஆகவே 'ஆன்டெனா கழன்றுவிட்டது, அதனால்தான் அடாப்டர் வரவில்லை' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பின்மூடியைத் திறப்பதற்கு முன் பயாஸிலும் ஒரு பார்வை தேவை. வயர்லெஸ் என்ற வரி அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பயாஸுக்குள்ளேயும் 'ஃபாஸ்ட் பூட்' என்று ஒன்று இருக்கும். விண்டோஸில் இருப்பதும் இதுவும் வேறு வேறு. இது இயக்கத்தில் இருந்தால் சில கணினிகள் நேரத்தை மிச்சப்படுத்தச் சில சாதனங்களைத் தயார்செய்யாமலே தாவிவிடும். அணைத்துப் பார்ப்பதால் தொடக்கம் சில நொடி தாமதமாகும், வேறு இழப்பில்லை. அணைந்து கிடந்த கணினியை இயக்கினால் கார்டு வரவில்லை, ஓடிக்கொண்டிருந்ததை ரீஸ்டார்ட் செய்தால் வருகிறது என்ற ஒழுங்கு தெரிந்தால் இதன் மேல் சந்தேகம் கூடும்.

எல்-எஸ்-பி-சி-ஐ பட்டியலில் கார்டு தெரிகிறது, ஆனால் வைஃபை இல்லை என்றால் கதை வேறு. பதிவில் ஃபர்ம்வேர் பற்றிய வரிகளைத் தேடுங்கள். தோல்வி வரிகளின் முடிவில் ஓர் எண் இருக்கும். -2 என்றால் கேட்ட கோப்பு வட்டில் இல்லை. -110 என்றால் கேட்ட பதில் குறித்த நேரத்தில் வரவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. இல்லாத கோப்பு எல்லாக் காலையிலும் இல்லாமல்தான் இருக்கும். அதனால் வருவதும் போவதுமாக இருக்கும் கோளாறுக்கு -2 காரணமாக இருப்பது அரிது. -110 அன்றன்றைய நிலையைப் பொறுத்தது. விண்டோஸ் விட்டுச்சென்ற நிலை, மின்சாரம், தளர்ச்சி ஆகிய பழைய சந்தேகங்களுக்கே நம்மைத் திருப்பி அனுப்புகிறது. இன்டெல் கார்டில் இன்னொரு பொறி இருக்கிறது. டிரைவர் புதிய ஃபர்ம்வேர் பதிப்பிலிருந்து பழையதை நோக்கி ஒவ்வொன்றாகத் தேடும். இல்லாத ஒவ்வொன்றுக்கும் -2 என்று ஒரு வரி எழுதும். கடைசியில் ஒன்று ஏற்றப்பட்டுவிட்டால் அந்த வரிகளுக்கு மதிப்பில்லை. 'யோயோ' என்ற பெயர் வரும் ஒரு கோப்பு இல்லை என்றும் முறையிடும். அது பிழை ஆய்வுக்கான கோப்பு, இல்லாததால் ஒரு குறையும் இல்லை. சிவப்பாகத் தெரிகிற முதல் வரியைப் பிடித்துக்கொண்டு அலைகிறவர்கள் இங்கேதான் நாள்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். கடைசி வரியைப் படியுங்கள்.

உண்மையிலேயே ஃபர்ம்வேர் இல்லையென்றால், உபுண்டுவில் 'லினக்ஸ்-ஃபர்ம்வேர்' என்ற தொகுப்பைப் புதுப்பித்தால் போதும். வைஃபை இல்லாமல் எப்படி இறக்குவது என்றால், கைபேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து, கைபேசியின் இணையத்தைக் கணினிக்குக் கொடுக்கும் யுஎஸ்பி டெதரிங்கை அதில் இயக்குங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகளை லினக்ஸ் உடனே கம்பி இணைப்பாக எடுத்துக்கொள்ளும்.

டிரைவரே ஏறவில்லை என்ற வகைக் கோளாறுகளை விரைவாகக் கடந்துபோகிறேன், ஏனென்றால் அவை ஒருநாள் வந்து ஒருநாள் போகிறவை அல்ல. கர்னல் புதுப்பித்த மறுநாளிலிருந்து எப்போதுமே வரவில்லை என்றால், 'லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா' தொகுப்பு விடுபட்டிருக்கலாம். வைஃபை டிரைவர்கள் பலவும் அதில்தான் இருக்கின்றன. தனியாகத் தொகுத்துப் போட்ட பிராட்காம், ரியல்டெக் டிரைவர்களைப் புதிய கர்னலுக்கு மறுபடி தொகுக்க வேண்டும். நம்பகமான மென்பொருளை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு இயக்கத்தில் இருந்தால் கையொப்பமில்லாத டிரைவரைக் கர்னல் மறுத்துவிடும். பழைய கர்னலைத் தொடக்கப் பட்டியலில் தேர்ந்தெடுத்துப் பார்த்தால் இவை உடனே தெரிந்துவிடும். விமானப் பயன்முறை விசையை யாராவது தெரியாமல் தட்டியிருந்தால் 'ஆர்-எஃப்-கில்', இடைவெளி விட்டு 'லிஸ்ட்' என்ற கட்டளை காட்டிக்கொடுக்கும். அந்த நிலையைக் கணினி நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த தொடக்கத்திலும் திரும்பக் கொண்டுவரும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். சாஃப்ட் பிளாக் என்றால் கட்டளையால் நீக்கலாம். ஹார்ட் பிளாக் என்றால் விசையோ பக்கவாட்டுப் பொத்தானோ பயாஸோ அணைத்திருக்கிறது.

இன்னொன்றையும் இங்கே பிரித்துவிட வேண்டும். அடாப்டர் இருக்கிறது, ஆனால் வீட்டின் வைஃபை பெயர் மட்டும் பட்டியலில் இல்லை என்றால் அது கண்டறிதல் கோளாறே அல்ல. நம் பெரிய வீடுகளில் ரூட்டர் முகப்பில் இருக்கும். பெரியவர்கள் உட்காருவது வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டுக்குள். நடுவில் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த தடித்த சுவர்கள் எத்தனை! 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதைக் கடப்பதற்குள் களைத்துவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் தேவலாம். இதற்கு லினக்ஸைத் திட்டிப் பயனில்லை. ரூட்டரை வளவின் திறந்த முற்றத்தை ஒட்டி வைத்தால் நான்கு பக்கத்து அறைகளுக்கும் ஓரளவு எட்டும். மழைச்சாரல் படாத இடமாகப் பாருங்கள்.

இனி, நான் உறுதியாகச் சொல்ல மாட்டாதவை. கர்னலுக்குத் தொடக்கத்தில் கொடுக்கும் அளவுருக்களைப் பற்றி இணையத்தில் நிறையப் பரிந்துரைகள் உண்டு. பிசிஐ பாதையின் மின்சேமிப்பை அணைக்கும் 'பிசிஐஇ-ஏஎஸ்பிஎம்' அளவுரு அதில் புகழ்பெற்றது. அதற்கு ஆஃப் என்று கொடுத்தபின் கார்டு நிலையாக வந்த கணினிகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு மாற்றமும் தெரியாதவற்றையும் பார்த்திருக்கிறேன். பேட்டரி சற்று விரைவாகத் தீரும் என்பது மட்டும் எதிர்பார்க்கக்கூடியது. ரியல்டெக்கின் ஆர்டிஎல்8821சிஇ கார்டுக்கு, கணினி முழுவதற்கும் அணைக்காமல் அந்த டிரைவருக்கு மட்டும் அணைக்கும் வழி இருக்கிறது. அந்தக் கார்டாக இருந்தால் அதை முதலில் முயலலாம். கர்னலைப் புதுப்பிப்பதும் அப்படித்தான். உபுண்டு 22.04 முதலில் 5.15 கர்னலோடு வந்தது. புதிய வன்பொருளுக்கான வரிசையில் அதற்கு 6.8 வரை கிடைக்கிறது. இடைப்பட்ட காலத்தில் மீடியாடெக், ரியல்டெக் டிரைவர்கள் நிறைய மாறியிருக்கின்றன. உங்கள் கோளாறு அதில் தீரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் கெடுதல் அரிது. பழைய கர்னலும் கூடவே இருப்பதால் திரும்பி வரவும் முடியும்.

இவை எதற்கும் கார்டு மசியவில்லை என்றாலும், அப்பத்தாளுக்கு வழி இருக்கிறது. மிக எளியது, இரவில் ஷட் டவுன் செய்யாமல் மூடியை மூடி உறங்கவிடுவது. ஒருமுறை எழுந்த கார்டு பெரும்பாலும் எழுந்தபடியே இருக்கும், காலையில் மூடியைத் திறந்தால் போதும். தம்பிக்கு விண்டோஸ் வேண்டும் என்றால் இது நடக்காது, அவனோடு பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் அது. இரண்டாவது, 'சிஸ்' கோப்புறைக்குள் பஸ், அதற்குள் பிசிஐ என்று போனால் 'ரீஸ்கேன்' என்று ஒரு கோப்பு இருக்கும். ரூட் (நிர்வாகி) உரிமையோடு அதில் 1 என்று எழுதினால், கர்னல் பிசிஐ பாதையை மறுபடி எண்ணும். தாமதமாக எழுந்த கார்டாக இருந்தால் அப்போது அகப்பட்டுவிடும். முதலில் இதைக் கையால் செய்து பாருங்கள். வராத காலையில் இதனால் கார்டு வருகிறது என்றால், தொடக்கத்தின் முடிவில் இதையே தானாகச் செய்யும் ஒரு சிறு சிஸ்டம்டி சேவையை எழுதி வைக்கலாம். அப்பத்தாள் எதையும் அறிய வேண்டியதில்லை. கையால் செய்தும் வரவில்லை என்றால் சேவை எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். கார்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையே இணைப்பே உருவாகவில்லை என்று பொருள்.

அந்த நிலையில்தான் கார்டு வாங்கும் பேச்சு. நண்பர் யாரிடமாவது அதே வகைக் கார்டு இருந்தால் ஒரு வாரம் கடன் வாங்கிப் போட்டுப் பாருங்கள். அதுவும் காணாமல் போனால் கோளாறு மதர்போர்டில். வாங்குவதாக இருந்தால் இரண்டு எச்சரிக்கைகள். இன்டெல்லின் 9560, ஏஎக்ஸ்201 போன்ற கார்டுகள் பார்ப்பதற்கு மற்றவை போலவே இருந்தாலும், அவற்றின் பாதி வேலை கணினியின் சிப்செட்டுக்குள் நடக்கிறது. அதற்குரிய மதர்போர்டு இல்லாவிட்டால் அவை வேலை செய்யாது. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 ஆகியவற்றுக்கு அந்தத் தொல்லை இல்லை. இரண்டாவது, சில பழைய மடிக்கணினிகளின் பயாஸ், தன் பட்டியலில் இல்லாத வைஃபை கார்டைப் பார்த்தால் தொடங்கவே மறுக்கும். உங்கள் மாடலுக்கு அந்தப் பழக்கம் உண்டா என்று தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இந்தத் தலைவலி எதுவும் வேண்டாம் என்றால் யுஎஸ்பியில் செருகும் சிறு வைஃபை போதும். ஏஆர்9271 அல்லது எம்டி7612யு சிப் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். இரண்டுக்கும் டிரைவர் லினக்ஸ் கர்னலிலேயே இருக்கிறது. பெட்டியின் மேல் 'லினக்ஸில் இயங்கும்' என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பாமல், உள்ளே எந்தச் சிப் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதல் வேலையாக ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட்டு ஒரு வாரம் பாருங்கள். அதற்குப் பிறகும் ஒரு காலையில் வராமல் போனால், அந்த நிலையிலேயே எல்-எஸ்-பி-சி-ஐ காட்டும் பட்டியலையும், கர்னல் பதிவில் வைஃபை பற்றி வரும் கடைசிப் பத்து வரிகளையும் கைபேசியில் படமெடுத்து இங்கே போடுங்கள். கணினியின் மாடல் பெயர் அடியில் ஒட்டியிருக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.